பக்கத்து வீட்டுத் தென்னை நம் ஓட்டுப் பக்கம் சாய்ந்தால்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பின்னறையில் யாரும் படுப்பதில்லை. அந்த அறையின் ஓட்டுக்கு நேர் மேலே பக்கத்து வீட்டுத் தென்னையின் கொண்டை நின்றது. காற்று கொஞ்சம் வேகம் எடுத்தால் மட்டைகள் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்கும், அப்புறம் தூக்கம் எங்கே வரும். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னந்தோப்புகளை அப்படியே படுக்க வைத்துவிட்டுப் போன பிறகு, இந்த ஊரில் தென்னைக்குப் பயப்படுகிறவரை யாரும் கேலி செய்வதில்லை.

மரம் அவர்களுடையது, ஓடு நம்முடையது. மரத்தைப் பார்த்தால் சுகமில்லாத மாதிரியும் இருக்கிறது. இந்த இடத்தில் நின்றுகொண்டு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: வெட்டச் சொல்லலாமா? அதற்குப் பதில் தேடுவதற்கு முன்னால் ஒரு வித்தியாசத்தை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் கண்ட மரம் வேறு, விழப்போகிற மரம் வேறு. சில மரங்களில் இரண்டும் சேர்ந்திருக்கும். பல மரங்களில் சேர்ந்திருக்காது.

வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளாகவே ஊர் ஊராக வேப்ப மரங்களின் நுனிக் கிளைகள் தீயில் வாட்டியது போலக் கருகிப் போகின்றன. தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாற்றை உறிஞ்சுவதும், கூடவே ஒரு பூஞ்சை சேர்ந்துகொள்வதும்தான் காரணம். பார்க்கிறவர்களுக்கு மரமே செத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அடிமரத்துக்கும் வேருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, பெரும்பாலான மரங்கள் சில மாதத்தில் மறுபடி துளிர்த்துவிடும். இதைக் காட்டி அண்டை வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனால் வீண் பகைதான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரானதை 2016 டிசம்பர் 12 அன்று சென்னை பார்த்தது. வர்தா புயலில் சாய்ந்த குல்மோகர்களும் தூங்குமூஞ்சி மரங்களும் பெருங்கொன்றைகளும் அதற்கு முந்தின நாள்வரை பச்சைப் பசேலென்றுதான் நின்றன. தலை கனத்திருந்தது. வேரோ ஒரு பக்கம் கான்கிரீட், இன்னொரு பக்கம் கேபிள் பள்ளம் என்று இறுக்கப்பட்டு, ஆழம் போகாமல் கிடந்தது. இலையைப் பார்த்து மரத்தின் பலத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதனால் பார்வையைக் கீழிருந்து தொடங்குங்கள். முதலில் மண். மரம் சாய்ந்திருப்பது மட்டும் ஆபத்தில்லை. வெளிச்சம் தேடிப் பிறந்ததிலிருந்தே வளைந்து வளர்ந்த தென்னை, நுனிப் பக்கம் மறுபடி நிமிர்ந்திருக்கும், அது முப்பது வருஷம் அப்படியே நிற்கும். புதிதாகச் சாய்ந்த மரத்தின் தண்டு நேராகவே இருக்கும், முழு மரமும் ஒரு பக்கம் போயிருக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் உப்பியிருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா, காற்றடிக்கும்போது அடிமண் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றைக்கே போய்ப் பேசுங்கள்.

அப்புறம் சமீபத்தில் அந்தப் பக்கம் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள். காம்பவுண்டுச் சுவர் எழுப்ப அஸ்திவாரம் தோண்டினார்களா? போர்வெல், செப்டிக் டேங்க்? மரத்தை ஒட்டி ஓரடி தள்ளிப் பள்ளம் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்து வேர் முழுக்கப் போயிருக்கும். சில சமயம் அந்தப் பள்ளம் நாம் தோண்டியதாகவே இருக்கும். அப்படியானால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வது நல்லது.

கிளை விடும் மரங்களில் தண்டு உள்ளே கூடாக இருப்பதைக் கண்டு பலரும் மிரண்டுபோகிறார்கள். மரத்தின் நடுக்கட்டை எப்படியும் உயிரில்லாத பகுதிதான், உயிரோட்டம் வெளிவட்டத்தில்தான் இருக்கிறது. வெறும் குழாய் போல இருந்தும் நூற்றாண்டு நிற்கிற புளிய மரங்களைச் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். சுற்றுச்சுவராக நிற்கிற நல்ல கட்டையின் கனம் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது மரம் பார்க்கிறவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அரிவாளின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தால் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கிறதா, பறை போல ஒலிக்கிறதா என்று ஓரளவு தெரியும். பட்டைமேல் கரையான் புற்று ஏறியிருப்பது பெரும்பாலும் காய்ந்த வெளிப்பட்டையைத் தின்பதற்குத்தான். ஆனால் அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் கெட்டியான காளான் முளைத்திருந்தால் அலட்சியம் கூடாது. அது உள்ளே கட்டையும் வேரும் மட்கிக்கொண்டிருப்பதற்கு வெளியே தெரிகிற அடையாளம்.

முருங்கையைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதை ஒடித்துத்தான் வளர்க்க வேண்டும். மற்ற மரங்களை அப்படி மொட்டையடிப்பதுதான் தவறு. வெட்டின இடத்தில் கொத்தாகக் கிளம்புகிற கிளைகள் தண்டின் ஆழத்திலிருந்து வருவதில்லை, மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலு வருஷத்தில் கனத்ததும் பிய்த்துக்கொண்டு வரும்.

இனி தென்னை. பெரும்பாலான தகராறு இதில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தென்னைக்குக் குருத்து ஒன்றே ஒன்று. அது போனால் மரம் போயிற்று, பக்கக் கிளை வெடிக்காது. தண்டில் ஏற்பட்ட காயமும் வேப்ப மரத்தில் மூடிக்கொள்வது போல மூடிக்கொள்ளாது. அதே சமயம் அடிமட்டை பழுத்துத் தொங்குவது நோயே இல்லை. நல்ல தென்னை மாதம் ஒரு மட்டை விடும், பழையது ஒன்று கழன்று விழும். கழலுவதற்கு முன் பழுப்பது அதன் இயல்பு.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை மூன்று நான்குதான். இலைகள் கத்தரிக்கோலால் வெட்டினது போல முக்கோண வடிவில் நறுக்குண்டிருந்தால் அது காண்டாமிருக வண்டு. பெரிய மரத்தை அது உடனே கொன்றுவிடாது. ஆனால் அது துளைத்த வழியில் அடுத்தவன் வருவான், சிவப்புக் கூன்வண்டு. அந்த வண்டின் புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்னும். வெளியே தெரிவது சிறு ஓட்டையும், அதிலிருந்து வடிகிற பழுப்புச் சாறும், மென்று துப்பின நாரும்தான். காதைத் தண்டில் வைத்துக் கேட்டால் உள்ளே கறுமுறுவென்று சத்தம் கேட்கும் என்று தென்னை ஏறுகிறவர்கள் சொல்வார்கள், அது மிகையில்லை. முற்றிவிட்டால் ஒரு நாள் கொண்டை மட்டும் முறிந்து விழும். நடுக்குருத்து வாடி, பிடித்து இழுத்தால் கெட்ட நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டால் அது குருத்தழுகல்.

எங்கள் ஊர்ப் பேரையே வைத்துக்கொண்டிருக்கிற நோய் ஒன்றும் உண்டு, தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் பரவலாகக் கண்ணில் பட்டதால் அந்தப் பெயர். மண்ணிலிருக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சை வேர் வழியாக நுழைந்து அடித்தூரை அழுகச் செய்கிறது. தூரில் செம்பழுப்பாகச் சாறு வடியும், அந்த வடிசல் மெல்ல மேலேறும். அடிமட்டைகள் பாவாடை போலத் தண்டை ஒட்டித் தொங்கும், கடைசியில் தூரில் காளான் முளைக்கும். எங்கள் பின்னறைக்கு மேலே நின்றது இந்த நோய் கண்ட மரம்தான். வேர் மட்கின தென்னை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

சந்தேகமாக இருந்தால் யாரைக் கேட்பது? மரத்துக்கென்று டாக்டர் நம் ஊர்களில் அரிது. ஆனால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் இருக்கிறது, மாவட்டத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தென்னைக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் பட்டுக்கோட்டை அருகே வேப்பங்குளத்திலும், பொள்ளாச்சிப் பக்கம் ஆழியார் நகரிலும் இருக்கின்றன. நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதைவிடச் சுலபம், அந்த மரத்தில் காய் பறிக்க ஏறுகிறவரைக் கேட்பது. “இந்த மரத்துல ஏறுவீங்களா?” என்று கேட்டு, அவர் தலையாட்டி மறுத்தால் அதற்கு மேல் சான்றிதழ் தேவையில்லை.

சரி, இப்போது பேச வேண்டும். “அண்ணே, இந்த மரத்தை எப்ப வெட்டப் போறீங்க?” என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த மரத்தை வைத்தது அவருடைய அப்பாவாக இருக்கலாம். நான் பேசியது இப்படி: “அண்ணே, உங்க தென்னையில தூர்ல செவப்பா ஏதோ வடியுது. எங்க பக்கத்துலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். சாயங்காலம் ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?” வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டார். ஆனால் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டார் என்பது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். சில நோய்களுக்கு வைத்தியம் உண்டு என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லுங்கள். வாடல் நோயை ஆரம்பத்தில் கண்டால் மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வைப்பது, பக்கத்து மரங்களுக்குப் பரவாமல் சுற்றிலும் பள்ளம் எடுப்பது என்று முறைகள் இருக்கின்றன. வெட்டுவது ஒன்றுதான் வழி என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு போனால், எதிரே இருப்பவர் மரத்துக்கு வக்கீலாகிவிடுவார்.

நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற மட்டையை நாமே வெட்டலாமா? பொதுவான பதில், எல்லைக் கோடு வரைக்கும் வெட்டலாம். நம் இடத்தில் நின்றபடி, அவர்கள் மனைக்குள் கால் வைக்காமல். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1890களில் லெம்மன், வெப் என்ற இருவருக்கிடையிலான மரத் தகராறில் சொன்ன நெறி இது. நம் நீதிமன்றங்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. வெட்டின கிளையும் அதிலிருக்கிற காயும் மரக்காரருக்குச் சேரும். நம் வாசலில் விழுந்த தேங்காய் நம் குழம்புக்கு என்பது ஊர் வழக்கமாக இருக்கலாம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமை இருக்கிறதே என்று சொல்லாமல் வெட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதிலும் தென்னையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பச்சை மட்டையை வெட்டுவதாக இருந்தால் தண்டிலிருந்து சுமார் 120 செ.மீ. காம்பை விட்டுத்தான் வெட்ட வேண்டும். தண்டை ஒட்டி வெட்டினால் அந்தப் பச்சைக் காயத்தின் வாசனைக்கே கூன்வண்டு வந்து சேரும். ஆக, இடைஞ்சலாக இருக்கிறதென்று நாம் ஒட்ட வெட்டின மட்டையே நல்ல மரத்தை நோய் மரமாக்கிவிடும்.

அதைவிட மோசமான யோசனை ஒன்றை ஊரில் யாராவது காதில் ஓதாமல் இருக்கமாட்டார்கள். தூரில் துளை போட்டு ஆசிட் ஊற்று, பெருங்காயம் வை, மரம் தானாகப் பட்டுப்போகும் என்பார்கள். அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்துவது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உயிரோடிருக்கும் மரம் காற்றில் வளைந்து கொடுக்கும், பட்ட மரம் முறியும். அது முறிந்து விழப்போவது யார் வீட்டு ஓட்டில் என்று இரண்டாவது முறை யோசித்தாலே போதும்.

இனி, பார்த்துவிட்டார் என்பதற்கு வருவோம். நல்ல மரம் புயலில் விழுந்து நம் வீடு உடைந்தால் அது தெய்வச் செயல், மரக்காரரை நஷ்டஈடு கேட்பது கடினம். மரம் கெட்டுப்போயிருப்பது அவருக்குத் தெரியும், அல்லது சாதாரணமாகக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் கதை மாறுகிறது. 1964இல் தில்லியில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் தலையில் சாலையோரத்துப் பட்ட மரத்தின் கிளை விழுந்து அவர் இறந்துபோனார். மரம் பட்டுப்போனதைக் கவனித்து அகற்றியிருக்க வேண்டியது மாநகராட்சியின் கடமை, அதனால் நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொன்னது. 35 வருஷம் இழுத்த வழக்கு. அது சாலை மரம், நம்முடையது பக்கத்து மனை மரம். ஆனால் கேள்வி அதே கேள்விதான்: தெரியுமா, தெரியாதா?

அதனால்தான் வாய்ப்பேச்சு பலிக்காதபோது ஒரு கடிதம் எழுத வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், அது கடைசியில். ஒரு பக்கக் கடிதம் போதும். ‘எங்கள் வடக்குச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளித் தங்கள் மனையில் நிற்கும் தென்னையின் அடித்தூரில் சாறு வடிகிறது, காளான் முளைத்திருக்கிறது. இதை இன்ன தேதியில் தங்களிடம் நேரில் காட்டினேன். மரம் எங்கள் பின்னறைப் பக்கம் சாய்ந்திருப்பதால் பரிசோதித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இவ்வளவுதான். ‘தவறினால்’ என்று தொடங்கும் வரியை முதல் கடிதத்தில் சேர்க்காதீர்கள். தேதி தெரிகிற படங்களை இணைத்து, ஒரு நகலை வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கிற மாதிரி அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே தபால் ஆபீசில் ஒப்புகையோடு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி நீல டிக் வந்திருந்தால் அதையும் அழிக்காமல் வையுங்கள்.

கடிதத்துக்கும் அசையவில்லை, மரமோ நாளுக்கு நாள் சாய்கிறது என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம் போகலாம். சில கோட்டங்களில் சப்-கலெக்டர். பலரும் நேராகப் போலீசுக்கு ஓடுகிறார்கள், அங்கே ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு, மரத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது. விழுந்து அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கோ அந்த வழியே போகிறவர்களுக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உடைமையாளருக்கு ஆர்.டி.ஓ. உத்தரவிடலாம். முதலில் வருவது நிபந்தனை உத்தரவுதான், மரக்காரர் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். மனுவோடு தோட்டக்கலை அலுவலரின் குறிப்பும் நம் கடித நகலும் இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதும் ஒரு வழிதான், ஆனால் அந்த மரமே அதற்குள் முதுமையில் விழுந்துவிடக் கூடும்.

வெட்டுவது என்று முடிவானால் இன்னும் சில இருக்கின்றன. சொந்த மனைத் தென்னைக்குச் சமவெளியில் பொதுவாக அனுமதி தேவைப்படாது. பனை என்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது. சந்தனத்துக்கு வனத்துறை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது. மரம் நிற்பது தெருவில் என்றால் அது அண்டை வீட்டாருடையதே இல்லை, நகராட்சியையோ ஊராட்சியையோ கேட்க வேண்டும். சென்னையில் 1913க்கு அழைக்கலாம். மின்கம்பி அருகே ஓடினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தினபின்தான் அரிவாளே எடுக்க வேண்டும். வீடுகளுக்கு நடுவே தென்னையை அடியோடு சாய்க்க முடியாது. கொண்டையை இறக்கி, தண்டைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவார்கள். அழுகின மரத்தில் ஆள் ஏறக் கூடாது, கிரேன் வாடகை கூடுதலானாலும் அதுதான் சரி. செலவு முறைப்படி மரக்காரருடையது. பாதியை நாம் ஏற்றுக்கொண்டால் ஒரு மாதம் இழுக்கிற பேச்சு ஒரு மாலையில் முடியும், நான் அப்படித்தான் செய்தேன். மானம் போய்விடவில்லை.

இடைப்பட்ட காலத்துக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கிற பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். காருக்கு முழுக் காப்பீடு இருந்தால் அதற்கும் உண்டு, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் இல்லை.

வெட்டின கட்டையை அங்கேயே போட்டுவைக்காதீர்கள், கூன்வண்டுக்கு அது விருந்து. வாடல் நோய் கண்ட மரத்தின் தூரையும் வேரையும் தோண்டி எடுத்துவிட வேண்டும், பூஞ்சை மண்ணிலேயே காத்திருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அந்தக் குழியில் மறுபடி தென்னை வைக்கப் போனார். வேண்டாம், அங்கே வாழை நல்லது, அது அந்த நோயைக் கட்டுப்படுத்தும் என்று தோட்டக்கலை அலுவலர் சொன்னதில் நாலு பூவன் கன்று வைத்தார். இப்போது குலை தள்ளியிருக்கிறது. கனம் தாங்காமல் அதுவும் எங்கள் பக்கம்தான் சாய்கிறது. முட்டுக் கொடுக்க மூங்கில் கழி கொடுத்துவிட்டு வந்தேன்.